அப்பாவின் கிரேக்கமும் அக்காவின் கையும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மாத்திரை டப்பாவில் வந்துதான் நிற்கிறது. நான் மட்டும் என்ன விதிவிலக்கா? கொஞ்ச நாளாக என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவதற்குள் காப்பி ஆறிப்போகிறது. டாக்டரிடம் போனேன். என் பேத்தி வயசுப் பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பையனிடம் "பிராடிகினீசியா" என்றாள்.

"கினீசியான்னா அசைவு. முன்னால இருக்கற பிராடின்னா என்னது, மெதுவாவா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கையிலிருந்த பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டாள். "டீச்சரா இருந்தீங்களா பாட்டி?"

இல்லை என்றேன். நான் நாலாம் ஃபாரத்தோடு நின்றவள். அந்த அரை வார்த்தை எனக்குப் படித்து வந்தது இல்லை. அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்த வருஷம்தான் என் அக்கா உயிரோடு இருந்த கடைசி வருஷம். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட்டால் அதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளே எங்கள் வீடு. தெரு முழுக்க ஒட்டுச் சுவர்கள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பி.ஏ. படித்தவர். காலேஜில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் அவருக்குக் கொஞ்சம் கிரேக்கமும் கொஞ்சம் லத்தீனும் தொட்டுக் காட்டியிருந்தார். அந்தக் கொஞ்சத்தை அப்பா ஆயுசு முழுக்க வைத்துச் செலவு செய்தார். சாப்பிட உட்கார்ந்தால் ஏதாவது ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு அதை இரண்டாகப் பிளப்பார். "பலாப்பழம் மாதிரியாக்கும். வெளியில பாத்தா முள்ளு. பிளந்துட்டா சுளை தன்னால வரும்" என்பார். ஊருக்கு சினிமாக் கொட்டகை வந்தபோது எங்களை அழைத்துப் போகவில்லை. அதற்குப் பதில் அர்த்தம் சொன்னார். கினேமா என்றால் கிரேக்கத்தில் அசைவு, படம் அசைகிறதல்லவா, அதனால் சினிமா. மற்ற வீட்டுப் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும்போது, எங்களிடம் அர்த்தம் இருந்தது.

அக்காவுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. எனக்கு எட்டு. அக்காவின் கை தெருவில் பேர்பெற்றது. ஊறவைத்து அரைத்த அரிசிமாவைத் துணியில் நனைத்துப் பிடித்துக்கொண்டு, மோதிர விரல் வழியாக ஒழுகவிட்டு இழைகோலம் போடுவாளே, இழை எங்கேயும் தடித்துப் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஈர மாவின் பச்சை வாசனை அவள் பாவாடையிலேயே இருக்கும்.

அந்த வருஷம் இடவப்பாதி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தொண்டை வலித்தது. பிறகு முட்டி இரண்டும் வீங்கின. ஒரு முட்டி வற்றினால் மணிக்கட்டில் ஏறிற்று. "வளர்ற கொழந்தைக்கு இதெல்லாம் உண்டு" என்று அம்மா தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்தாள். வீடெல்லாம் தைலமும் ஈரச் சுவரும் சேர்ந்து ஒரு வாசனை. மழை விடுவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. எல்லாரும் அதை மறந்துபோனோம்.

ஓணம் கழிந்து சில நாளில் அக்கா கையிலிருந்து சாமான்கள் விழ ஆரம்பித்தன. கால் கழுவ வைத்திருந்த பித்தளைக் கிண்டி விழுந்து அதன் மூக்கு வளைந்தது. அப்பா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிய கோட்டில் காப்பி கொட்டியது. கண்ணாடி வளைகள் சுவரில் மோதி மோதி உடைந்ததால், அம்மா கோபத்தில் மிச்சத்தையும் கழற்றி வைத்துவிட்டாள். கோலத்தில் இழை தடித்தது, விலகிற்று, ஒரு நாள் பாதியில் மாவை உதறி வாசலெல்லாம் தெளித்துவிட்டாள்.

"கவனம் எங்கடி இருக்கு ஒனக்கு?"

"கவனமாத்தான்மா இருக்கேன். கைதான் தன்னால சாடறது."

கையோடு நின்றிருந்தால் தேவலை. முகமும் சேர்ந்துகொண்டது. புருவம் தூக்கும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், நாக்கு வெளியே வந்துவிட்டு உள்ளே போகும். எதிர்வீட்டு மாமி மோர் வாங்க வந்து பேசிக்கொண்டிருந்தபோது அக்கா அவளைப் பார்த்து அப்படிச் செய்துவிட்டாள். மாமி சொம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "பெரியவாளைப் பாத்து வலிச்சுக் காட்டறதுக்குப் பொண்ணைப் பழக்கி வெச்சிருக்காய், நன்னாயிருக்கு." அம்மா அன்றைக்குத்தான் அக்காவை முதல்முதலாக அறைந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் மலையாளத்தில் "எந்தா குட்டி, கோஷ்டி காட்டுந்நோ?" என்று கேட்டு, முகத்தைக் கோணிக் காட்டியதற்குத் தண்டனையாக பெஞ்சு மேல் நிற்கவைத்தாள். பெஞ்சு மேல் அவளால் நேராக நிற்க முடியவில்லை. வகுப்பே சிரித்தது.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஒரே பாயில் படுப்பவள் அல்லவா? தூங்கும்போது அக்காவின் கை அசைவதே இல்லை. முகமும் பழைய முகமாக இருந்தது. இதைச் சொன்னால் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதான் பாரேன்," என்றாள் அம்மா. "தூங்கறச்சே சும்மா இருக்கத் தெரியறது இல்லையோ? முழிச்சிண்டாத்தான் விஷமம்."

அன்றைக்கும் அக்காவுக்குத் திட்டு விழுந்தது. நல்ல மனசுள்ளவர்கள் தப்பாகக் கணக்குப் போட்டால், நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் நல்ல செய்திகூட அந்தக் கணக்கிலேயே ஏறிவிடுகிறது.

சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுத அன்றுதான் அப்பா பயந்தார். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அம்மாவும் கூடப் போனதால் என்னையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டாக்டர் நடு வயசுக்காரர், மலையாளி. எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். அக்காவை நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நாக்கு பாம்பு மாதிரி உள்ளே ஓடிவிட்டது. தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அக்கா பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். பால் கறப்பது போல இருந்தது. பிறகு குழாயை அவள் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இது குட்டியோட குறும்பு இல்லை ஸ்வாமி. அடிக்கப்படாது, கேட்டீரா? மழையில வந்த முட்டுவலி உண்டில்லையா, அதோட பாக்கி இது. கையும் காலும் தன்னால சரியாகும். நெஞ்சைத்தான் சூக்ஷிக்கணும், பத்திரமாப் பாத்துக்கணும். அங்க ஒரு சப்தம் கேக்குது. படுக்கையிலேயே இருக்கட்டும். கை கால் நேரானப்புறமும் நான் பறையாம எழுப்பப்படாது."

"வியாதிக்குப் பேர் என்ன டாக்டர்?" அப்பாவுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

"கோரியா."

அப்பாவின் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிரேக்கம் தெரிந்தவருக்கு அந்த வார்த்தையைப் பிளக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கோரியா என்றால் நடனம்.

இன்றைக்கு நம் பேத்திகள் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, சாப்பாடு போடுகிறோம். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பேரோடு நடனம் என்ற சொல் ஒட்டினால், அவளை யாரும் மருமகளாகக் கேட்டு வர மாட்டார்கள். அக்காவுக்கு இரண்டொரு வருஷத்தில் வரன் பார்க்க வேண்டும். 'அந்தாத்துப் பொண்ணுக்கு நடன வியாதியாம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும். அப்பா குரலைத் தாழ்த்தி, "இதுக்கு வேற பேர் இல்லையா?" என்று கேட்டார்.

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "ஹைபர்கினீசியான்னும் சொல்லலாம். அது இந்த மாதிரி வியாதிக்கெல்லாம் பொதுப்பேர். பேர்ல என்ன இருக்கு ஸ்வாமி?"

அப்பாவுக்குப் பேரில்தான் எல்லாமே இருந்தது. ஜட்கா வண்டியில் வரும் வழியெல்லாம் உதடு அசைய அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் கூடத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். ஹைபர் என்றால் மிகை. கினீசியா என்றால் சலனம். "சலனம் ஜாஸ்தி. அவ்வளவுதான் வியாதி. சலனம் நின்னுடுத்துன்னா வியாதி போயாச்சு. அந்த இன்னொரு வார்த்தை இந்த ஆத்துல யார் வாயிலயும் வரப்படாது."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. மகள் துஷ்டை இல்லை, பேய் பிடித்தவள் இல்லை, படித்தவர்கள் சொல்லும் பெயருள்ள ஒரு வியாதிக்காரி. அக்காவைக் கட்டிக்கொண்டு, அறைந்த கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். தெருவுக்கும் அந்தப் பெயரே போயிற்று. எதிர்வீட்டு மாமி 'சலன தோஷம்' என்று அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டு, மோர் வாங்க மறுபடியும் வந்தாள். டாக்டர் நெஞ்சைப் பற்றிச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் நெஞ்சுக்கு இடம் இல்லை. அதனால் அது வீட்டுக்குள் வரவே இல்லை.

அக்காவைக் கூடத்து அறையில் படுக்கவைத்தார்கள். கட்டிலின் விளிம்பில் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய புடவைகளை மடித்துக் கட்டினார்கள். சாலைக் கடைத்தெருவிலிருந்து அப்பா தினமும் ஆரஞ்சு வாங்கி வருவார். சுளை உரித்து வாயில் போடுவது என் வேலை. சில நேரம் அவள் கை என் முகத்தில் வந்து அறையும். "நான் இல்லடி" என்பாள். "நேக்குத் தெரியும்" என்பேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்போம். நாங்கள் அந்தக் கைக்கு ஒரு தனிப் பெயர்கூட வைத்திருந்தோம். என்ன பெயர் என்று எவ்வளவு யோசித்தாலும் இப்போது வரவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். அவளும் நானும் மட்டும் அறிந்த ஒரு சொல் அது.

அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டாள். சலனம் நின்றால் மகளை அடிப்பிரதட்சிணம் செய்யவைக்கிறேன் என்று. ஒரு காலின் குதி மற்றக் காலின் கட்டைவிரலைத் தொடும்படி, இடைவெளியே இல்லாமல் அடி அடியாக வைத்துப் பிராகாரத்தைச் சுற்றி வர வேண்டும். கால் சொன்னபடி கேட்காதவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேண்டுதல் அம்மாவுக்குத் தோன்றியிருக்காது. 'அவள்' என்று சொல்லாமல் 'நான்' என்று சொல்லியிருக்கலாம். அம்மா கண் மூடும் வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், "நான் பண்றேன்னு வேண்டிண்டிருக்கலாம்" என்று, அடுப்பைப் பார்த்து, சுவரைப் பார்த்து.

அப்பா தம் பங்குக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார். ஆபீசிலிருந்து வந்ததும் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அக்காவின் கையில் கொடுப்பார். முதலில் தண்ணீர் கட்டிலில் இருக்கும், தம்ளர் வாசலில் இருக்கும். நாளாக ஆகக் கொட்டுவது குறைந்தது. மார்கழிக் குளிரில் வெறுமனே தளும்பிற்று. மகரம் பிறந்து ஒரு நாள் சாயங்காலம், தண்ணீர் ஆடவே இல்லை. அக்கா தம்ளரைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அந்தத் தண்ணீரை வாங்கித் தாமே குடித்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினாள் என்பதையும், கிணற்றடி வரை நடந்தால் துவைகல் மேல் உட்கார்ந்துகொண்டாள் என்பதையும் பார்த்தோம்தான். "படுத்தே கிடந்த உடம்பு. நடந்தா சரியாயிடும்" என்றாள் அம்மா. மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது அப்பா சிரித்தார். "சலனத்துக்குத்தானே படுக்கை? சலனம் நின்னாச்சு. பின்னே படுக்கை எதுக்கு?" எவ்வளவு சுத்தமான நியாயம், பாருங்கள். எனக்கு அப்பா மேல் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நல்ல நாள் பார்த்து, விடிகாலையில் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு, ஈரப் பாவாடையும் தாவணியுமாக அக்கா நடக்க ஆரம்பித்தாள். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் பேரில் இருந்த தோஷம் போனதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மாவே போய் அழைத்திருந்தாள். கல் குளிர்ந்து கிடந்தது. தூணுக்குத் தூண் விளக்கு புகைந்தது. அக்கா குதியை விரலில் வைத்தாள், வைத்தாள், வைத்தாள். எவ்வளவு நேரான அடி! அவள் போட்ட கோலத்தின் இழை போல ஒரு கோணல் இல்லாமல் போயிற்று. எதிர்வீட்டு மாமி குனிந்து குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டே கூட வந்தாள். அப்பா இன்னொரு பக்கம். எல்லாருடைய தலையும் கீழே பார்த்தபடி இருந்தது.

நான் குள்ளம். எனக்கு அவள் கழுத்து நேராகத் தெரிந்தது. அங்கே ஒரு நரம்பு வெளியே வந்துவிடுவது போலக் குதித்தது. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு போல இருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

மேற்குப் பிராகாரம் திரும்பும்போது அக்கா நின்றாள். "அம்மா, செத்தே உக்காந்துக்கட்டுமா?"

"நடுவுல உக்காரப்படாதுடி கண்ணே. உக்காந்தா மறுபடியும் முதல்லேருந்து தொடங்கணும்."

அக்கா திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தாள். முன்னால் இருப்பதையும் பார்த்தாள். "அப்போ நடந்துடறேன்" என்றாள்.

நடந்து முடித்தாள். கொடிமரத்தடியில் விழுந்து சேவித்தவளை அம்மாதான் தூக்கி நிறுத்தினாள். மாமி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். அக்கா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் பேச முடியாமல் போயிற்று. அப்பா வண்டி பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் வந்தார். குழாயை வைத்துக் கேட்டார். எங்கே போய்விட்டு வந்தாள் என்று விசாரித்தார். அம்மா வேண்டுதலைச் சொன்னாள். அவர் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "நான் பறஞ்சது ஓர்மை இல்லையா ஸ்வாமி?" என்றார்.

"சலனம் நின்னுடுத்தே டாக்டர். சொட்டுத் தண்ணி ஆடலை. நானே பாத்தேன்."

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "ஸ்வாமி, நெஞ்சும் சலனம் உள்ள சாதனம் தானே" என்றார்.

அந்த நடைதான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வியாதிக்கு அப்போது மருந்தே கிடையாது, படுக்கையிலேயே கிடந்திருந்தாலும் நெஞ்சு வெகு காலம் தாங்கியிருக்காது என்று பின்னால் எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் இன்னும் ஒரு ஓணம் பார்த்திருப்பாள், இரண்டு ஓணம் பார்த்திருப்பாள். அந்த இரண்டு ஓணத்துக்காகத்தான் நான் இந்த வயசிலும் அழுகிறேன்.

அவள் சில நாள் இருந்தாள். கால் வீங்கிற்று. தலையணைகளை அடுக்கி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கை இரண்டும் மடியில் கிடந்தன. பழையபடி சாதுவான கைகள். யாராவது தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அப்பா எதிரில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் காலையில் நான் ஆரஞ்சுச் சுளையோடு போனேன். அக்கா கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அம்மா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கினாள், விட்டாள். அது மடியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள்.

"அசையேண்டி," என்றாள் அம்மா. "எல்லாத்தையும் தட்டி விடுடி. அம்மா அடிக்க மாட்டேன். ஒரு தரம் அசையேன்."

அப்பா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிரித்து, அக்காவின் கையை மெதுவாகக் கீழே வைத்தார்.